விசில் அடிக்காத வீடு

எங்கள் வீட்டு அடுப்பில் விசில் அடித்த குக்கர்களில் பாதி எங்களுடையவை அல்ல. காலை பத்து மணி வாக்கில் பின்பக்கக் கதவில் ஒரு நிழல் வந்து நிற்கும். தட்டாது, கூப்பிடாது. நானாகத் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. பருப்பும் தண்ணீரும் போட்டு மூடிய குக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருப்பாள். "அக்கா, மூணு விசில் மட்டும்" என்பாள். அதையும் அடுப்புக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத்தான் சொல்வாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள். நான் மதுரைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த டவுன்ஷிப்புக்கு வந்தவள். எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் தெருமுனைவரை கேட்கும். அந்தப் பக்கம் அவள், அவள் வீட்டுக்காரர், பாப்பா என்று நாங்கள் கூப்பிட்ட அவர்களுடைய ஒரே மகள். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் அவர் ஆபரேட்டர். நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து குளித்து, நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. எந்தத் தெருவை எடுத்தாலும் பகலில் தூங்கும் ஆண்கள் நாலு பேராவது இருப்பார்கள். பிள்ளைகள் பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே சத்தம் போடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

கேட்டின் கொக்கிக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தாள். காலிங் பெல்லின் ஒயரை அவளே பிடுங்கிவிட்டாள். அறை ஜன்னலில் கருப்பு அட்டை, கதவின் கீழ் இடைவெளியில் மடித்த பழைய சேலை. மீன்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார். காக்காய்க்கு வைக்கும் சோற்றைக்கூட அவள் தோட்டத்தின் கடைசி மூலையில், எங்கள் முருங்கை மரத்தடியில்தான் கொண்டுவந்து வைப்பாள். கத்துகிற காக்காயெல்லாம் எங்கள் தலையில் கத்தட்டும் என்ற நல்லெண்ணம். எங்கள் மிக்சிதான் இரண்டு வீட்டுத் தேங்காயையும் அரைத்தது.

"ஏம்மா, உன் வீட்டுல புலி எதுவும் படுத்துக் கிடக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புலின்னா பரவால்லக்கா. எழுந்தா ஒரு தடவை உறுமிட்டுத் திரும்பத் தூங்கிடும். இவங்களுக்குத் தூக்கம் கலைஞ்சா கலைஞ்சதுதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தூக்கம் இல்லாம அந்த மெஷின் மேல ஏறினா என்னாகும் சொல்லுங்க. நான் வேலைக்குப் போகல, எதுவும் இல்ல. இவங்க தூக்கத்தைப் பார்த்துக்கறதுதான் என் டியூட்டி."

அதன்பிறகு அவளைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க விடவில்லை, நாக்கு அப்படி.

அவளுடைய குரலை நான் ஒழுங்காகக் கேட்டதே கிடையாது. அவள் சொல்வது பாதி உதட்டசைவு, மீதி கண். "மெதுவா" என்பது அவள் வாயில் எப்போதும் இருந்த ஒரு வார்த்தை. பால்காரருக்கு மெதுவா, பள்ளி வேன் டிரைவருக்கு மெதுவா, மழை வந்தால் தகரக் கூரையைப் பார்த்துக்கூட மெதுவா என்று சொல்லியிருப்பாள். பாப்பா பேசிய முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, மெதுவாதான் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பிள்ளை விளையாடுவதும் பொம்மைகளோடு மட்டும்தான். ஓடினால் சத்தம், பந்து போட்டால் சத்தம். பொம்மை என்றால் வம்பில்லை. வடலூர் தைப்பூசத்தில் அவள் அப்பா வாங்கிக்கொடுத்த பொம்மை ஒன்று இருந்தது. படுக்க வைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும். மற்றப் பிள்ளைகள் பொம்மைக்குச் சோறு ஊட்டும், தலை வாரும், கல்யாணம் செய்து வைக்கும். பாப்பா தன் பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்து, துண்டைப் போர்த்தி, பக்கத்தில் காவல் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய பொம்மைகளுக்கெல்லாம் நைட் ஷிப்ட்.

வாரத்தில் ஒருநாள் மட்டும் அந்த வீடு வேறு வீடாக இருக்கும். அது அவருடைய வீக்லி ஆஃப். அன்றைக்கு அவர்கள் குக்கர் அவர்கள் வீட்டிலேயே விசில் அடிக்கும். பாப்பா அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு தெருவில் போவாள். பொங்கலோ பிறந்தநாளோ, காலண்டரில் எந்தத் தேதியில் இருந்தாலும் அவர்கள் வீட்டில் அது ஆஃப் அன்றைக்குத்தான் வரும். ஷிப்ட் வீடுகள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். அப்பா விழித்திருக்கும் நாள்தான் பிள்ளைகளுக்குப் பண்டிகை.

இப்படி எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் அந்த ஆனி மாதத்து மத்தியானத்தைத் தாண்டி நான் போக முடியாது.

அன்றைக்கு அவள் பின்பக்கக் கதவில் வந்து நின்றபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. பாப்பா எங்கள் வீட்டில் என் மகளோடு இருந்தாள். பள்ளி வேன் விட்டதும் நேராக இங்கேதான் வந்திருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் குக்கர் இல்லை.

"அக்கா, அவங்க எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றாள். அதே குரல். மூணு விசில் கேட்கும் அதே குரல்.

காலையில் தூங்கப்போனவர், தூக்கத்திலேயே முடிந்துவிட்டார். நெஞ்சுவலி எதுவும் இருந்ததில்லை. போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குக் காலையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் உருட்டாமல் தூக்கிக்கொண்டு வர அவள் சொன்னதை நானே என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் பேசிக்கொண்டு நின்ற இரண்டு பேரைக் கையெடுத்துக் கும்பிட்டு நகர்த்திவிட்டாள். உள்ளே போன உயிருக்கு வெளியே காவல் இருந்திருக்கிறாள். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே சேத்தியாத்தோப்புப் பக்கம் அவர் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பாப்பாவை அழைத்துப்போகவில்லை. பிள்ளை வரவேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். காரியம் முடியும்வரை பிள்ளை எங்களோடு இருந்தது. அம்மா ஊருக்குப் போயிருக்கு, வந்துடும் என்று சொல்லிவைத்தோம்.

அவள் திரும்பிவந்த அன்று நான்தான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உடம்பு பாதியாகிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை, "அப்பா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது. அவள் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. அப்பா தூங்கறாங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எதற்கும் ஒப்பிட மாட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டு பேசிவிட்டது. திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் பாப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, பொம்மைகள் இருந்த மூலைக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் அவர் தூங்கிக்கொண்டே இருந்தார்.

அந்த அறையின் ஃபேனை அவள் அணைக்கவில்லை. அதற்கு 'டக் டக்' என்று ஒரு சத்தம் உண்டு. கதவு மூடியிருந்தாலும் கூடத்தில் கேட்கும். பாப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. இந்தக் கதவைத் தொடக்கூடாது என்பது அவளுக்குத் தவழும் வயதில் பழகியது. தானாகத் திறக்க அவளுக்குத் தோன்றவே தோன்றாது. அப்பாவைப் பார்க்கவே முடியலையே என்று கேட்டால், அப்பாவுக்கு இப்பல்லாம் நைட் மட்டும்தான், ஆஃப்கூடத் தர்றதில்ல, நீ தூங்கின பிறகு போயிட்டு நீ ஸ்கூலுக்குப் போன பிறகு வர்றாங்க என்று பதில். எங்கள் ஊரில் இந்தப் பொய்யை ஒரு பிள்ளை நம்பும். நைட் வாரங்களில் அப்பாவை முழுசாகப் பார்க்காத பிள்ளைகள் இங்கே எத்தனையோ.

வெளியே போகும்போது வெறும் நெற்றியோடு போவாள். கேட்டுக்குள் நுழையும் முன் மாமரத்தடியில் நின்று, பர்ஸிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொள்வாள். பிள்ளை ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. குக்கர் முன்போலவே என் அடுப்புக்கு வந்தது. நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தேன். ஒருநாள் மூன்றாவது விசில் அடித்து அடங்கியதும், "அன்னிக்கு இத நான் என் வீட்டுலயே வெச்சிருந்தா எழுந்திருப்பாங்களோக்கா" என்றாள். "ஒரு தட்டையாவது கீழ போட்டிருக்கலாம்."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. டாக்டர் சொன்னதைக் கேட்டல்ல" என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் ஒன்றை நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை நாளைக்கு? வேலையில் இருந்தவர் போனபிறகு குவார்ட்டர்ஸில் எத்தனை காலம் இருக்க முடியும். நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. வீட்டைக் காலி செய்யும் அன்றைக்கு அந்த அறைக்கதவைத் திறந்துதானே ஆகவேண்டும். அதற்கு முன்னால் அம்மா வாயிலிருந்து பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பொறந்தநாள் முடியட்டும்க்கா. அன்னிக்கு ஒருநாள் சந்தோஷமா இருந்துக்கட்டும். மறுநாள் சொல்லிடறேன்" என்றாள்.

பொம்மை பார்ட்டி என்பது பாப்பாவின் ஆசை. யாரோ சிநேகிதி வீட்டில் பார்த்துவிட்டு வந்தது. அம்மாவுக்கும் அது தோதாகப் பட்டது. வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மை கொண்டுவர வேண்டும். பொம்மைகளைத் தூங்க வைப்பதுதான் விளையாட்டு. யார் சத்தமில்லாமல் தூங்க வைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. "பொம்மையைத் தூங்க வெச்சுட்டா பசங்களும் சத்தம் போடாதுங்கல்ல" என்று என்னிடம் சொன்னாள். பிறந்தநாள் வந்தது வாரநடுவில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள். வேறொன்றையும் அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளுடைய நாத்தனார் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. முன்வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றார்.

"என் தம்பி போயி ஒரு வருசம் திரும்பல. வூட்ல பலூன் கட்டிக்கினு, நெத்தியில பொட்டு வெச்சிக்கினு நிக்கிறியே. ஊர்ல கேட்டா நான் இன்னாம்மா சொல்லட்டும்?"

"மெதுவாப் பேசுங்க அண்ணி. பாப்பா உள்ள இருக்கு."

"இன்னும் இன்னா மெதுவா? கடசியா அப்பன் மொகத்தக்கூட அந்தப் புள்ளைக்குக் காட்டல நீ. அது நாளைக்குப் பெரிசாயி உன்னத்தான் கேக்கும்."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்துத் தன் பையைத் திறந்து, சந்தையில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி புள்ள பொறந்தநாளுக்கு வெறுங்கையோட வர முடியுமா. கொண்டுபோயி குடும்மா" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்தப் படியை விட்டு அவர் எழவில்லை.

வீட்டை நன்றாகத்தான் சோடித்திருந்தாள். ரோஸ் நிறக் காகிதத்தை மடித்து மாலை. பலூன்களைப் பாதிதான் ஊதியிருந்தாள், வெடித்துவிடக் கூடாது என்று. பேக்கரியிலிருந்து வந்த கேக், பாவாடை விரித்து நிற்கும் ஒரு பொம்மை; இடுப்புக்கு மேலே பிளாஸ்டிக், கீழே முழுக்கக் கிரீம். தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பொம்மைகளை அணைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் போன விஷயத்தைப் பிள்ளைகள் காதில் போட வேண்டாம் என்று தெருவில் எல்லோரிடமும் நான் முன்பே சொல்லிவைத்திருந்தேன். என் மகளுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தாயோ தோலை உரித்துவிடுவேன் என்று மிரட்டித்தான் கூட்டிவந்திருந்தேன்.

பாயை விரித்துப் பொம்மைகளைப் படுக்க வைத்தார்கள். அதற்குப் பாப்பாதான் வாத்தியார். எப்படிப் போர்த்த வேண்டும், எந்தப் பக்கம் ஒருக்களிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் காதில் சொல்லிக்கொடுத்தாள். இத்தனை பிள்ளைகள் ஒரு கூடத்தில் உட்கார்ந்து இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஃபேனின் டக் டக் மட்டும் கேட்டது. பிள்ளைகள் வந்த வீடு மாதிரியே இல்லை.

கேக்குக்கு முன்னால் பாப்பாவை நிறுத்தி, கையில் கத்தியைக் கொடுத்து, பாட்டை எல்லோரும் கிசுகிசுவென்று பாடினோம். பாப்பா வெட்டவில்லை.

"அப்பா வரட்டும்" என்றாள்.

"அப்பா தூங்கறாங்கம்மா. நீ வெட்டு. அப்பாவுக்கு எடுத்து வைக்கலாம்."

"இன்னிக்கு அப்பாக்கு ஆஃப் தானே. அதனாலதானே என் பொறந்தநாள இன்னிக்கு மாத்தின."

அந்த வீட்டில் ஒரு விசேஷத்தைத் தள்ளி வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. புதன்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளை இந்த நாளுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள், கேக்குக்காக இல்லை.

பாப்பா கத்தியைக் கீழே வைத்தாள். பாயிலிருந்து தைப்பூசத்துப் பொம்மையைத் தூக்கினாள். அது கண்ணைத் திறந்தது. "போதும், எல்லாரும் பொம்மைய எழுப்புங்க" என்றாள். பிள்ளைகள் ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டார்கள். "நான் சொன்னதும் எல்லாரும் கத்தணும். அப்பாவுக்கு நல்லாத் தூக்கம்."

சாயங்காலம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளைகள். சொல்லவா வேண்டும். அந்தக் கதவைப் பார்த்து, "மாமா எந்திரிங்க, மாமா எந்திரிங்க" என்று வீடே அதிரக் கத்தினார்கள். எல்லோருக்கும் மேலே "அப்பா, அப்பா" என்று பாப்பாவின் குரல். வாசற்படியில் நாத்தனார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். நான் பாய்ந்து பிள்ளைகளை அடக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கத்தட்டும்க்கா" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தாள். இவ்வளவு சத்தம் அந்த வீட்டில் என்றைக்கும் எழுந்ததில்லை. இதற்கும் எழாமல் ஒருத்தர் இருக்க முடியுமா என்று ஒரு நொடி அவள் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். நான் பார்த்தேன்.

பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றியது. ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மறுபடியும் ஃபேன் சத்தம் கேட்டது.

அவள் போய், கதவடியில் இருந்த சேலையைக் காலால் நகர்த்திவிட்டு, கதவைத் திறந்தாள். பாப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வெறும் கட்டில், மடித்து வைத்த போர்வை, அதற்குமேல் கொடியில் ஒரு யூனிஃபார்ம் சட்டை. நான் நின்ற இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரிந்தது. சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. டக் டக் மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

அதற்குப் பிறகுதான் அவளுடைய குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன். அடிவயிற்றிலிருந்து வந்த, கொஞ்சம் கரகரத்த, பெரிய குரல். இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று நினைக்கும்படியான குரல்.

"அப்பா எழுந்திரிக்க மாட்டாங்கடி. அப்பா செத்துப் போயிட்டாங்க. நம்ம அப்பா செத்துப் போயிட்டாங்கடி."

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அவள் அழுதாள். அவர் போன அன்றைக்கு அழவேண்டிய அழுகை.

நாங்கள் கூடத்தில் அப்படியே நின்றோம். என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை ஒன்று பயந்துபோய் விசும்பத் தொடங்கியது. அப்போது பாப்பா அறையிலிருந்து வெளியே வந்தாள். அழவில்லை. என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவைச் சத்தமில்லாமல் பாதி சாத்தினாள். எங்கள் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா" என்றாள். "அம்மா அழுவுறாங்க."

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து, பொம்மைகளைத் திரும்பவும் பாயில் படுக்க வைத்தார்கள்.